முதலில் யாருக்குச் சொல்வது?

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய மகனுக்கு ஆவணியில் பாண்டி கோயிலில் மொட்டையடித்துக் காதுகுத்த நாள் குறித்தார்கள். குறித்த அன்று மாலையே அவருடைய மைத்துனர் பிள்ளையின் படத்தோடு தேதியையும் சேர்த்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். டொராண்டோவில் இருக்கும் அக்கா, தம்பி வாயால் கேட்க வேண்டிய செய்தியைச் சம்பந்தி வீட்டு ஸ்டேட்டஸில் பார்த்துவிட்டு, பதினைந்து நாளாகப் பேசுவதில்லை. சிங்கப்பூரில் பெரியப்பா மகன், துபாயில் சித்தி மகன், பினாங்கில் தாத்தாவின் தங்கை வழியினர் என்று குடும்பம் நான்கு திசையிலும் இருக்கிறது. குடும்பக் குழுவைத் திறந்தால் காலை வணக்கப் படங்கள்தான் வரிசையாக நிற்கின்றன. ஒருவர் மனமும் நோகாமல் வீட்டுச் செய்திகளை இவர்களுக்கெல்லாம் சொல்வது எப்படி என்பது அவர் கேள்வி.

மேலூர்ப் பக்கத்து அஞ்சலகங்களில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்பதாலும், எங்கள் குடும்பத்தில் நல்லது கெட்டதுகளை நான்கு நாடுகளுக்குச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்திருப்பதாலும், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அக்காவுக்குச் செய்தி தாமதமாகப் போய்ச் சேரவில்லை. சொல்லப்போனால் மிக விரைவாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. வரிசைதான் தவறியது. மதுரைப் பக்கம் நாம் ‘செய்முறை’ என்று ஒரு சொல்லைப் புழங்குகிறோம். மொய், சீர், கோடித்துணி எல்லாம் அதற்குள் அடங்கும். அந்தச் செய்முறையின் முதல் பகுதி, தகவல் சொல்வதுதான். காதுகுத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளும் தாய்மாமனுக்கு முன்கூட்டியே சொன்னால்தான் தோடும் துணியும் எடுத்து, சீர்த்தட்டுகளுக்கு ஏற்பாடு செய்து, தேவையானால் கையில் பணம் புரட்டவும் அவரால் முடியும். அத்தைக்கும் அப்படித்தான்; பிறந்த வீட்டில் நடக்கும் காரியத்தில் தனக்கு ஓர் இடம் இருக்கிறது என்பதை அந்த முதல் தகவல்தான் உறுதி செய்கிறது. ஊரோடு சேர்த்து அத்தைக்கும் தெரிந்தால், அத்தையும் ஊரில் ஒருத்தியாகிவிட்டாள் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். டொராண்டோவில் இருப்பவருக்கு இது உள்ளூரில் இருப்பவரைவிடக் கூடுதலாகவே வலிக்கும், ஏனென்றால் வந்து சபையில் உட்கார்ந்து தன் இடத்தைக் காட்டிக்கொள்ளும் வாய்ப்பு அவருக்குப் பெரும்பாலும் இல்லை.

பழைய காலத்தில் செய்தியின் தன்மையை அதைத் தாங்கி வந்த பொருளே சொல்லிவிடும். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கடிதம் வந்தால் வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சாமி படத்தின் முன் வைத்துவிட்டுப் பிரிப்பார்கள். கருமாதிப் பத்திரிகையை வாசலில் நின்றே படித்துக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அது வீட்டுக்குள் தங்கக் கூடாது. தந்தி என்றால் பிரிப்பதற்கு முன்பே அழுகை தொடங்கிவிடும். கல்யாண வாழ்த்துத் தந்திகளும் வந்தன என்றாலும், கிராமத்துக்குத் தந்தி என்றால் ‘சீரியஸ், உடனே புறப்படு’ என்பதுதான். வேலை கிடைத்த செய்தியைத் தாங்கி வந்த தந்தியைப் பார்த்து ஒரு தாய் மார்பில் அடித்துக்கொண்டதை நான் நேரில் கண்டிருக்கிறேன். 2013 ஜூலையில் தந்திச் சேவையையே நிறுத்திவிட்டார்கள். இன்று பிறப்பும் இறப்பும் பூச்சந்தை விலையும் ஒரே பச்சைக் குறியோடு, ஒரே ‘டிங்’ ஓசையோடு வருகின்றன. மஞ்சளும் கறுப்பும் செய்த வேலையை இப்போது செய்தி சொல்பவரேதான் செய்ய வேண்டியிருக்கிறது.

ஆகவே எங்கள் வீட்டில் நாங்கள் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். யாருக்கு வாயால் சொல்ல வேண்டும், யாருக்கு எழுத்தில் போதும் என்பதை ஒரு தாளில் எழுதி, அரிசிப் பானைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறோம். பிறப்பு, பெண் பிள்ளை வயதுக்கு வந்தது, நிச்சயம், கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, இறப்பு ஆகியவற்றில் தாய்மாமன்கள், அத்தைகள், உயிரோடிருக்கும் மூத்தவர்கள் ஆகியோருக்குக் குரலில்தான் சொல்ல வேண்டும். மற்ற எல்லாருக்கும் ஒவ்வொரு கிளைக்கும் ஒருவர் என்று பொறுப்பு வைத்திருக்கிறோம். பினாங்குக் கிளைக்கு நான் ஒரே ஓர் அழைப்புதான் செய்வேன்; அங்கே இருக்கும் பெண்மணி தன் பக்கத்தில் இருக்கும் பதினொரு வீடுகளுக்கும் சொல்லிவிடுவார். அவர் ‘சொல்லிவிட்டேன்’ என்று திரும்பச் செய்தி அனுப்பிய பிறகே குழுவில் எழுத்து வரும். குழுவில் வந்த பிறகுதான் ஸ்டேட்டஸ். இந்த வரிசை முடிய பெரும்பாலும் ஒரு மாலைப்பொழுது போதும்.

ஸ்டேட்டஸ்தான் இந்தக் காலத்தில் சண்டை மூட்டும் பெரிய ஆள். உங்கள் எண்ணைச் சேமித்திருக்கும், நீங்களும் சேமித்திருக்கும் அத்தனை பேருக்கும் அது தெரியும் என்பதை இளைய பிள்ளைகள் யோசிப்பதில்லை. யார் யாருக்குத் தெரிய வேண்டும், யார் யாருக்கு வேண்டாம் என்று அமைத்துக்கொள்ளும் வசதி அதிலேயே உண்டு; ஆனாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போது எவரும் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. எனவே பிரசவத்துக்குப் போகும்போதே, ‘நான் சொல்லும் வரை ஒருவரும் படம் போடக் கூடாது’ என்று வீட்டில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. மைத்துனர் வீட்டாருக்கும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர்கள் சந்தோஷத்தில் போடுகிறார்கள், அதில் குற்றமில்லை.

யாரை விட்டுவிட்டோம் என்று பயப்படுபவர்களுக்கு ஒரு வழி உண்டு: மொய் நோட்டை எடுங்கள். கல்யாணமோ காதுகுத்தோ நடந்த எந்த வீட்டிலும் ஊர், பெயர், உறவு என்று எழுதிய மொய் நோட்டு இருக்கும். இப்போது கணினியில் பதிந்து, கையோடு ரசீது கொடுத்து, கடைசியில் புத்தகமாகவே அச்சடித்துத் தந்துவிடுகிறார்கள். அதைவிடத் துல்லியமான உறவினர் பட்டியலை வேறெங்கும் காண முடியாது. வெளிநாட்டில் இருப்பவர் சார்பில் உள்ளூரில் ஒருவர் எழுதிய மொய்யும் அதில் இருக்கும், ஆகையால் யார் தொலைவிலிருந்தும் தொடர்பை விடவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்தது நேரம். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். டொராண்டோ குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் பின்தங்கி இருக்கும், ஏனென்றால் அங்கே மார்ச்சின் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, நவம்பரின் முதல் ஞாயிறு திரும்பப் பின்னே வைத்துவிடுகிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த மாற்றம் பிடிபடுவதே இல்லை; ‘போன மாதம் இதே நேரத்துக்கு எடுத்தாளே’ என்று குறைப்படுவார்கள். எல்லாரும் சேர்ந்து முகம் பார்த்துப் பேச ஞாயிறு இரவு ஏழு மணி பொருந்தி வருகிறது. அப்போது சிங்கப்பூரில் ஒன்பதரை, துபாயில் மாலை ஐந்தரை, டொராண்டோவில் காலை எட்டரை அல்லது ஒன்பதரை. அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு வார விடுமுறையாகிவிட்டதால் துபாய்க்காரர்களுக்கும் ஞாயிறு ஒத்துவருகிறது. முன்பு வெள்ளி, சனி என்றிருந்தபோது நாங்கள் பட்ட பாடு தனி. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியாகப் பேசுவதற்கு நெடுங்காலமாகத் தடை இருந்து வருகிறது, அதனால் அங்குள்ளவர்கள் போட்டிம் போன்ற வேறு செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள். எழுத்துச் செய்தியும் பதிவு செய்த குரலும் போகும். துபாய்த் தம்பி போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்வதற்கு முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது விசேஷங்களுக்கு. ஆண்டுக்கு நான்கு விசேஷம் வந்தால் அதிகம். மீதி நாட்களில் என்ன சொல்வது என்பதில்தான் பெரும்பாலான குடும்பங்கள் தோற்றுப்போகின்றன. ‘என்ன விசேஷம்?’ என்று அங்கிருந்து கேட்பார்கள். ‘ஒன்றுமில்லை, எல்லாரும் நல்லா இருக்கோம்’ என்று இங்கிருந்து சொல்வார்கள். அத்தோடு பேச்சு முடிந்தது. பிறகு வானிலை, பிறகு ‘சாப்பிட்டாச்சா’, பிறகு அலைபேசி அடுத்தவர் கைக்கு மாறும்.

1980களில் அஞ்சலட்டையில் எழுதியவர்கள் இதைவிட நன்றாகச் செய்தார்கள். எழுதத் தெரியாத பெண்கள் பலர் என்னிடமும் தபால்காரரிடமும் சொல்லி எழுதவைப்பார்கள். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்குவதோடு சரி, அதன் பின் வருவதெல்லாம் தனிக்கதை. சிவப்பி ஈன்ற கன்று கிடேரி, கிணற்றில் தண்ணீர் மூன்று படி இறங்கிவிட்டது, பின்வீட்டு முருங்கை காற்றில் சாய்ந்துவிட்டது, உன் சின்னவள் ‘ர’ சொல்ல வராமல் ‘ல’ என்கிறாள், கடன் கொடுத்தவர் இரண்டு முறை வந்து போனார். இடம் தீர்ந்த பின் ஓரத்தில் சாய்த்து இன்னொரு வரி, முகவரிப் பக்கத்தில் இன்னும் ஒரு வரி. மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த கணவனுக்கு அந்த அட்டையைப் படித்தால் வீடு கண்முன் வந்துவிடும். ‘எல்லாரும் நலம்’ என்ற வரியில் வீடு இல்லை. சாய்ந்த முருங்கையில்தான் இருக்கிறது.

அதையே இன்று குரல் பதிவில் செய்யலாம். எழுபது வயதுத் தாய்க்குத் தட்டச்சு வராது, ஆனால் அந்த ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்திப் பிடித்துப் பேச ஒரு நாளில் பழக்கிவிடலாம். எதிரில் ஆள் இல்லாமல் பேசுவது அவர்களுக்கு முதலில் கூச்சமாக இருக்கும். ‘அக்காவுக்குச் சொல்வது மாதிரி என்னிடம் சொல்லுங்கம்மா’ என்று நீங்கள் எதிரில் உட்கார்ந்துகொண்டால் கூச்சம் போய்விடும். ஒரு நிமிடம் போதும். மாட்டுத்தாவணியில் மல்லிகை விலை ஏறிவிட்டது, வைகையில் தண்ணீர் வந்து தரைப்பாலம் முழுகிவிட்டது, பக்கத்து வீட்டில் நாய் குட்டி போட்டிருக்கிறது, இன்று வைத்த கருவாட்டுக் குழம்பு உப்புக் கரித்துவிட்டது என்று எதையாவது பேசட்டும். பின்னணியில் கேட்கும் குக்கர் விசிலும் தெருவில் போகும் கோலமாவுக்காரர் குரலும் உங்கள் அக்காவுக்குச் செய்தியைவிடப் பெரிதாக இருக்கும். காலை வணக்கப் படத்தை அனுப்ப எடுக்கும் நேரம்தான் இதற்கும்.

கேள்வி கேட்பதையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ‘எப்படி இருக்கே?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்பதைத் தவிர வேறு விடை வராது. ‘போன வாரம் மாடிப்படியில் பனி உறைந்து வழுக்குகிறது என்றாயே, உப்புப் போட்டீர்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். போன முறை அவர் சொன்ன ஒன்றைப் பிடித்துக்கொண்டு கேட்பதே போதும். நாம் செய்தி சொல்வதிலேயே முனைப்பாக இருந்துவிடுகிறோம். அவர்கள் ஊரிலும் அன்றாடம் என்று ஒன்று நடக்கிறது என்பதைக் கேட்டறிவதில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் பல நேரங்களில், தாங்கள் ஊருக்குப் பணமும் அழைப்பும் அனுப்பும் ஆளாகவே ஆகிவிட்டதாக எண்ணிக் குமைவது இதனால்தான்.

படங்கள் அனுப்பும்போது பெயரும் முறையும் எழுதி அனுப்புங்கள். காதுகுத்தில் எடுத்த இருநூறு படங்களை மொத்தமாகக் கொட்டினால் அங்கே ஒருவரும் பார்ப்பதில்லை. பத்துப் படம் தேர்ந்தெடுத்து, ‘இடது கோடியில் நீலச் சேலை, உங்கள் அம்மாவின் சித்தி மகள், உங்களுக்குப் பெரியம்மா முறை’ என்று எழுதுங்கள். கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்கு எல்லாரும் அங்கிள், ஆன்ட்டி. மாமாவும் சித்தப்பாவும் வேறு வேறு ஆள், அவர்களிடம் நமக்குள்ள உரிமையும் வேறு வேறு என்பது இப்படிப் படத்தோடு சேர்த்துச் சொன்னால்தான் அவர்கள் மனதில் ஏறும். நல்ல தெளிவோடு வேண்டிய படங்களை ஆவணமாக அனுப்பினால் தரம் குறையாமல் போய்ச் சேரும்.

கெட்ட செய்திக்கு வருகிறேன். இதில் நானே தவறு செய்திருக்கிறேன். என் அண்ணனுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தபோது, ஈப்போவில் இருக்கும் எங்கள் அக்கா அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்வார் என்று மறைத்தோம். இரண்டு மாதம் கழித்து, ஊரிலிருந்து போன யாரோ ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டார். அண்ணன் பிழைத்துவிட்டார் என்ற மகிழ்ச்சிகூட அவருக்கு வரவில்லை. ‘இனி நீ நலம் என்று சொன்னால் நான் எப்படி நம்புவது?’ என்று கேட்டார். அதற்குப் பிறகு ஓராண்டு, நான் எப்போது அழைத்தாலும் முதலில் அவர் குரல் நடுங்கும். நோயை மறைத்தால் அன்றைய அழுகை ஒன்றைத் தவிர்க்கலாம், ஆனால் அதன் பிறகு சொல்லும் ஒவ்வொரு ‘நலம்’ மீதும் ஐயம் விழுந்துவிடும். ஆகவே சிகிச்சைக்கு முந்தைய நாளே, மருத்துவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இறப்புச் செய்தியை ஒருபோதும் குழுவில் முதலில் போடக் கூடாது. நேர் வாரிசு தனியாக வேலையில் இருக்கிறாரா, வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாரா என்று தெரியாதபோது, அவருடைய கணவருக்கோ மனைவிக்கோ முதலில் சொல்லி, அவர் பக்கத்தில் போன பிறகு சொல்லவைப்பது நல்லது. அந்த அழைப்பிலேயே ‘புறப்பட முடியுமா?’ என்று கேட்டுவிட வேண்டும், ஏனென்றால் எடுக்கும் நேரத்தை அந்த விடைதான் முடிவு செய்யும். சிங்கப்பூரிலிருந்து மதுரைக்கே நேரடி விமானம் இருக்கிறது. இடம் கிடைத்தால் மறுநாளுக்குள் வந்துவிடலாம். கனடாவிலிருந்து வர ஒரு நாளுக்கு மேல் ஆகும், ஓரிரு இடங்களில் விமானம் மாற வேண்டியிருக்கும். ஐஸ் பெட்டி வைத்துக் காத்திருப்பதா வேண்டாமா என்பதை வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். ஆனால் வரமுடியாதவரிடம் ‘உனக்காகக் காத்திருக்கவில்லை’ என்று பிறகு சொல்வதைவிட, அவரிடமே கேட்டு, அவர் வாயால் ‘எடுத்துவிடுங்கள்’ என்று சொல்லவைப்பது அவருடைய ஆயுள் முழுவதற்கும் உதவும்.

தூரத்துப் பங்காளிக்குக்கூடக் கேதம் சொல்லித்தான் ஆக வேண்டும். தீட்டு நாள் கணக்கு அவருக்கும் உண்டு. அவர் வீட்டில் அந்த வாரம் நல்ல காரியம் ஏதாவது வைத்திருந்தால் தள்ளிவைக்க நினைப்பார். அந்த ஆண்டு பொங்கலும் தீபாவளியும் கொண்டாடுவதா என்பதும் அவர் முடிவு செய்ய வேண்டியது. இங்கிலீஷ் தேதியோடு தமிழ் மாதம், திதி ஆகியவற்றையும் எழுதி அனுப்பிவிட்டால் அடுத்த ஆண்டு திதி கொடுக்க அவர்கள் உங்களைக் கேட்க வேண்டியிருக்காது. பிறந்த பிள்ளைக்கும் அப்படியே. நேரமும் நட்சத்திரமும் சேர்த்து அனுப்புங்கள். எங்கள் வீட்டில் இதற்கென ஒரு நீளக் கணக்கு நோட்டு இருக்கிறது. போன்கள் மூன்று மாறிவிட்டன, நோட்டு மாறவில்லை.

குழுவைப் பொறுத்தவரை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒன்றில் நிர்வாகிகள் மட்டுமே எழுதும்படி அமைத்து, குடும்பச் செய்தியை மட்டும் இடுங்கள். காலை வணக்கமும் அரசியலும் ஜல்லிக்கட்டுக் காணொளியும் இன்னொன்றில் ஓடட்டும். செய்திக் குழுவை ஒருவரும் ஓசையடக்கி வைக்க மாட்டார்கள், அதில் ஏதாவது வந்தால் விஷயம் இருக்கிறது என்று பொருள். அழைப்பிதழைப் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ மட்டும் அனுப்புங்கள். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில், போனில் செயலியை நிறுவும் ஏபிகே கோப்பை அனுப்பி, திறந்தவர்களின் போனுக்குள் நுழைந்து பணம் திருடும் மோசடி நடந்து வருகிறது. உறவினர் எண்ணிலிருந்தே வந்தாலும் அந்தக் கோப்பைத் தொடக் கூடாது என்று தாய் தந்தையரிடம் சொல்லி வையுங்கள்.

இனி உங்கள் அக்கா. குரல் பதிவில் மன்னிப்புக் கேட்டு அனுப்பாதீர்கள், மனைவியையோ அம்மாவையோ தூது விடாதீர்கள். இப்போது அங்கே கோடை நேரம். இங்கே ஞாயிறு மாலை ஐந்தரை என்றால் அங்கே காலை எட்டு மணி, காப்பி குடித்துக்கொண்டிருப்பார். நீங்களே அழையுங்கள். எடுக்காவிட்டால் மறுபடியும் அரை மணி கழித்து அழையுங்கள். மைத்துனர்மேல் பழி போட வேண்டாம். ‘உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்கணும்க்கா, சொல்லாமல் விட்டுட்டேன்’ என்று ஒரே வரியில் ஒத்துக்கொண்டுவிட்டு, அடுத்த வரியிலேயே, பத்திரிகையில் அத்தை, மாமா பெயரை எந்த வரிசையில் போடுவது, பிள்ளைக்குப் பட்டு வேட்டி எந்த நிறத்தில் எடுப்பது என்று அவரிடமே கேளுங்கள். திட்டுவார், திட்டி முடிக்கட்டும். பிறகு போனைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நீங்கள் நகர்ந்துவிடுங்கள்.